ஒரு லீற்றர் பெற்றோலும் அப்பாவும்

எங்கட கலண்டரில் அப்பாவுக்கென்று ஒரு நாள் இருக்கிறது. ஆடி அமாவாசை. தகப்பனை இழந்தவர்கள் அன்றைக்கு விரதம் இருப்பார்கள். கீரிமலைக்கோ வேறு கடற்கரைக்கோ போய் முழுகிவிட்டுத் தர்ப்பணம் செய்வார்கள். வீட்டில் காத்தோட்டிக்காயும் சமைத்துப் படைப்பார்கள். அம்மாவுக்கு அதேபோலச் சித்திரா பௌர்ணமி. ஆக, அப்பாவுக்காக வெளிக்கிட்டு ஓரிடத்துக்குப் போகிற வழக்கம் எங்களிடம் நன்றாகவே இருக்கிறது. அவர் போன பிறகுதான் அது தொடங்குகிறது, அவ்வளவுதான்.

உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு என்ன இருக்கிறது? ஜூன் மாதத்து மூன்றாம் ஞாயிறு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு பழைய படம். அதையும் அவர் பார்ப்பதில்லை, அம்மாதான் போனைக் கொண்டுபோய்க் காட்டுவா.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. அப்பாவோடு, அப்பாவோடு மட்டும், கடைசியாக எங்கே போனீர்கள்? ஆஸ்பத்திரி, வங்கி, ரியூசன் வாசல், செத்த வீடு என்றுதான் பதில் வரும். இதெல்லாம் அலுவல். குடும்பமாக எங்காவது போனாலும் அப்பாவுக்கு அங்கே வேலை இருக்கும். வான்காரனோடு வாடகை பேசவேண்டும், காசு குடுக்கவேண்டும், எல்லாரையும் எண்ணி ஏத்தவேண்டும். நல்லூர்த் திருவிழாவில் நாங்கள் கச்சான் கடை, ஐஸ்கிறீம் கடை என்று திரியும்போது, "நான் இதில நிக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்று ஒரு மூலையில் நிற்பார். எங்கட செருப்புகளுக்கும் பைகளுக்கும் அவர்தான் காவல்.

அம்மாவோடு கதைக்க வெளியே போகத் தேவையில்லை. குசினியில் தேங்காய் துருவி முடியமுதல் பாதி உலகத்தைக் கதைத்து முடித்துவிடலாம். அப்பாவுக்கு வீட்டில் அப்படி ஓர் இடம் இல்லை. முன்விறாந்தையில் ஒரு கதிரை, அதற்கு நேரே ரீவி. பக்கத்தில் போய் இருந்தால், "என்ன பிள்ளை, காசு ஏதும் வேணுமோ?" என்று கேட்பார். என்னுடைய அப்பா வயரிங் வேலை செய்கிறவர். வெள்ளன ஏழு மணிக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவார். சாப்பாடு, செய்தி, படுக்கை. கோபக்காரர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. ஆனால் கம்பஸுக்கு வந்து இரண்டாம் வருடம் வரைக்கும், அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தால் என்னால் அரைப் பக்கத்தைத் தாண்டியிருக்க முடியாது.

மாறத் தொடங்கியது ஓர் அசைன்மென்டால். புவியியலுக்குக் குடாநாட்டு நிலத்தடி நீரைப் பற்றி எழுதவேண்டியிருந்தது. நிலாவரைக் கிணற்றைப் போய்ப் பார்க்கவேண்டும் என்றேன். "தனியப் போகாத, ஞாயிற்றுக்கிழமை நான் ஏத்திக்கொண்டு போறன்" என்றார். அதுவும் அலுவலாகத்தான் தொடங்கியது.

கோப்பாய் தாண்டி, நீர்வேலியின் வாழைத் தோட்டங்களுக்குள் வந்ததும் மோட்டர் சைக்கிளின் வேகத்தைக் குறைத்தார். ஒரு மேல்மாடி வீட்டைத் தலையால் காட்டி, "உது நான் செய்த வீடு" என்றார். கொஞ்சத் தூரத்தில் இன்னொன்று. பிறகு ஒரு பழைய நாற்சார் வீடு: "உதில வயரிங் செய்யேக்க ஓட்டுக்கு மேல ஏறி விழப் பாத்தனான்." நான் எத்தனையோ தரம் பஸ்ஸில் போன றோட்டு அது. அந்த றோட்டில் லைட் எரிகிற வீடுகளில் அப்பாவின் கை பட்டவை எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நிலாவரையில் நான் கொப்பியை எடுத்தேன். சுண்ணாம்புக்கல் நிலத்துக்குள் மழைத்தண்ணீர் இறங்கித் தேங்குகிறது, மேலே நன்னீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு. இதெல்லாம் எனக்குப் பாடம். அப்பாவுக்கு வேறு பாடம் தெரிந்திருந்தது. நிலாவரையில் ஒரு தேசிக்காயைப் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். "நாங்கள் போட்டுப் பாத்தனாங்கள். தேசிக்காயில கத்தியால பேர் வெட்டிப் போட்டுட்டு, நாலு பெடியள் சைக்கிளில கீரிமலைக்குப் போய்ப் பின்னேரம் வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தம்."

"வந்ததோ?"

"எங்க வாறது? வீட்ட போக அடிதான் கிடைச்சது."

பன்னிரண்டு வயதுப் பெடியனாக என்னுடைய அப்பாவை நான் கற்பனை செய்தது அதுதான் முதல் தரம்.

அடுத்த ஞாயிறு, "கீரிமலைக்குப் போவமே அப்பா?" என்று நானே கேட்டேன். "என்னத்துக்கு?" என்றார். "தேசிக்காய் வந்திட்டுதோ எண்டு பாப்பம்" என்றேன். சிரித்துவிட்டுத் திறப்பை எடுத்தார்.

கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுகிற கேணி. ஆண்களுக்கு வேறாக, பெண்களுக்கு வேறாக. 1990க்குப் பிறகு நீண்ட காலம் நினைத்த நேரத்துக்குப் போகமுடியாமல் இருந்த இடம். அப்பாவும் அவருடைய அப்பாவும் வெள்ளிக்கிழமைகளில் அங்கே முழுகப் போவார்களாம். நீந்தப் பழக்கியது தாத்தாதான். இப்போது ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் தாத்தாவுக்காக அப்பா அங்கேதான் போகிறார். அது எனக்கு முதலே தெரியும். சின்ன வயதில் அதே படியில் தாத்தா அவரைத் தூக்கித் தண்ணீருக்குள் போட்டார் என்பதுதான் தெரியாது. அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பிளேன்ரீ குடித்தோம்.

இப்படித்தான் எங்கட ஞாயிற்றுக்கிழமைகள் பழக்கமாகின. செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு லீற்றர் பெற்றோல், இரண்டு பிளேன்ரீ, சில நாளைக்கு ஒரு பை கச்சான்.

எல்லா இடமும் சரிவரவில்லை. கசூரினாக் கடற்கரைக்குப் போனோம். சவுக்கு மரங்கள், வெகுதூரம் நடந்தாலும் ஆழம் வராத கடல், படம் எடுக்க அருமையான இடம். அப்பா நீளக் காற்சட்டையோடு நிழலில் நின்று, திரும்பவும் செருப்புக்குக் காவல் காக்கத் தொடங்கிவிட்டார். ரவுணில் குளிரூட்டிய சாப்பாட்டுக்கடை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மெனுவில் வலப்பக்கத்து விலையை மட்டும் வாசித்தார். மேசையில் எதிரெதிரே இருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் கதை வராது என்பதும் அங்கேதான் விளங்கியது.

கோட்டை சரிவந்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு மேல், மதிலில் நடந்தால் பண்ணைக் கடல் காற்று நல்லாக வரும். நான் போர்த்துக்கீசர், 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது என்று படித்ததைச் சொல்ல, அவர் 1990இல் சண்டை நடந்தபோது உள்ளே இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் இடிந்துபோனதைச் சொன்னார். வல்லை வெளியும் சரிவந்தது. அந்த வெட்டைக்குள் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து பருத்தித்துறைக்குப் போன கதைகளைச் சொல்லிக்கொண்டே போனார். திரும்பி வரும்போது பருத்தித்துறைத் தட்டைவடை இரண்டு பைகள்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது இதுதான்: அப்பாவுக்குத் தெரிந்த இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். எங்களுக்குப் பிடித்த இடத்தில் அவர் விருந்தாளி, இல்லாவிட்டால் காவலாளி. அவருக்குத் தெரிந்த இடத்தில் அவர்தான் வழிகாட்டி. அடுத்தது, முகத்தைப் பார்த்துக் கதைக்கச் சொல்லக்கூடாது. மோட்டர் சைக்கிளில் நான் பின்னால், அவர் முன்னால். இரண்டு பேருக்கும் ஹெல்மெட். கேட்கவேண்டும் என்றால் மெதுவாகத்தான் ஓடவேண்டும். முப்பதில் ஓடுகிற மோட்டர் சைக்கிளில், முகம் தெரியாமல், ஒரு மனுசன் நிறையச் சொல்லுவார்.

வயரிங் பழகின கதையை அப்படித்தான் சொன்னார். பழகி முடித்த கையோடு சண்டை தொடங்கி, 1990இல் இருந்து குடாநாட்டில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லை. தொழில் தெரியும், ஊரில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் மண்ணெண்ணெய்த் திரி எரித்த காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோவில் றேடியோவுக்கு வயர் இழுத்துச் செய்தி கேட்பார்களாம். ஊரில் பத்துப் பதினைந்து வீட்டுக்கு அதைச் செய்து குடுத்தது அப்பாதானாம். "அதுதான் என்ர முதல் வயரிங்" என்றார்.

பிறகு ஒரு நாள் பலாப்பழம் வாங்கச் சாவகச்சேரிச் சந்தைக்குப் போனோம். நாவற்குழிப் பாலத்தில் வேகம் குறைந்தது. "தொண்ணூற்றைஞ்சில இந்தப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு ஒரு இரவு முழுக்கப் போனது. சரியான மழை. ஆச்சியைச் சைக்கிள் கரியரில இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தனான்." மூன்று வசனம். 1995 ஒக்ரோபர் 30ஐப் பற்றி நான் எத்தனையோ கட்டுரைகள் வாசித்திருக்கிறேன், வலிகாமத்தில் இருந்து இலட்சக்கணக்கான சனம் வெளிக்கிட்டது என்று விடைத்தாளிலும் எழுதியிருக்கிறேன். அந்தச் சனத்துக்குள் இருபத்தேழு வயதில் அப்பா, கரியரில் ஆச்சியோடு. பாலம் முடிந்ததும், "நல்ல பழமாப் பாத்து எடுக்கவேணும், போனமுறை ஏமாத்திப்போட்டான்" என்றார். கதை அவ்வளவுதான். இன்னொரு நாளைக்கு இன்னொரு மூன்று வசனம் வரும்.

இதையெல்லாம் கம்பஸில் ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பாவை 2009க்குப் பிறகு காணவில்லை. அவளுக்கு அப்போது ஆறு வயது. அவர்கள் வீட்டில் ஆடி அமாவாசை விரதம் பிடிப்பதில்லை. பிடித்தால் அவர் இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அம்மா சொல்லுவாவாம். சொந்தக்காரர் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள், அம்மா ஒவ்வொரு வருடமும் மாட்டேன் என்பா. அப்பாவோடு எங்கேயாவது போன ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "சைக்கிள் பாரில இருந்து போனது. எங்க எண்டு தெரியேல்ல. கால் கம்பியில சுட்டது மட்டும் ஞாபகம்" என்றாள்.

பிறகு அவளே, "உன்ர அப்பா சொல்லுறதுகளை எழுதி வை" என்றாள். இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். நாள், போன இடம், அவர் சொன்னது. வேறு ஒன்றும் இல்லை.

எல்லாருடைய அப்பாவும் ஒரே மாதிரி இல்லை என்பதும் தெரியும். வெளிநாட்டில் இருக்கிற அப்பா, குடித்துவிட்டு வருகிற அப்பா, கதைக்கவே பயமான அப்பா என்று இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பயணம் மருந்தாகும் என்று நான் சொல்லவரவில்லை. சும்மா பேசாமல் முன்விறாந்தையில் இருக்கிற அப்பாமார்தான் இங்கே கூடுதல். அவர்களிடம், "அப்பா, நீங்கள் சின்னனில நீந்தப் பழகின இடம் எது? ஒருக்காக் காட்டுங்கோ" என்று கேட்டுப் பார்க்கலாம். முதல்தரம் "உனக்கென்ன விசரே?" என்பார்கள். இரண்டாம் தரமும் கேளுங்கோ.

எங்களுடைய கொப்பியில் இதுவரை பதினொரு இடங்கள். எல்லாம் அப்பாவுக்கு முதலே தெரிந்த இடங்கள். போன கிழமை சாப்பிடும்போது, ஒருவரும் கேட்காமலே, "நெடுந்தீவுக்கு நான் ஒருநாளும் போனதில்லை" என்றார். குறிகட்டுவான் வரைக்கும் மோட்டர் சைக்கிள், அங்கிருந்து ஒரு மணித்தியாலம் அளவில் படகு. குதிரைகள் இருக்கு, பெருக்கமரம் இருக்கு என்று நான் சொன்னேன். படகு எத்தனை மணிக்கு என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார். செமஸ்டர் பரீட்சை முடிந்த கையோடு போகிறோம். அங்கே இரண்டு பேருக்கும் வழி தெரியாது.