நாலு பேர்

நம்மவர்களுக்குப் படி என்றால் ஒரு மோகம். வீடு கட்டினாலும் சரி, கலியாண மண்டபம் கட்டினாலும் சரி, தெருவிலிருந்து நாலு படி உயர்த்திக் கட்டினால்தான் மனம் நிறையும். மழைத் தண்ணீர் உள்ளே வராது என்பார்கள். நியாயமான காரணம்தான். இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மயிலாப்பூரில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போனவை. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சக்கர நாற்காலியில்தான் சஞ்சாரம். சங்கீதமென்றால் பைத்தியம். அப்படிப்பட்டவர் கலியாணக் கச்சேரிகளுக்கு வருவதை அடியோடு நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"ஓய், உம்மை நாலு பேர் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்களா?" என்றார்.

"அதற்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது" என்றேன்.

"எனக்கு முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அது நடக்கிறது. அதுவும் உயிரோடு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தூக்குகிறவர்கள் நல்லவர்கள். அதுதான் சங்கடம், கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை. எங்கே பிடிக்கவேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒருவர் சக்கரத்தைப் பிடிக்கிறார், சக்கரம் சுழல்கிறது. இன்னொருவர் அக்குளில் கையைக் கொடுக்கிறார். வேஷ்டி நழுவுகிறது. வாசலில் பன்னீர் தெளிக்கும் பெண்கள் பார்க்கிறார்கள். போதாததற்கு, "பாவம்" என்று ஒரு பாட்டியம்மாள்.

அதைவிடப் பெரிய அவஸ்தை தண்ணீர். மண்டபத்துக் கழிப்பறையின் கதவு குறுகல்; அதற்கும் ஒரு படி. ஆகவே கலியாணத்துக்குப் போவதானால் முந்தின இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார். பந்தியில் பாயசம் வேண்டாம், காபி வேண்டாம். சர்க்கரை வியாதி போலிருக்கிறது என்று பரிமாறுகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவரும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

சட்டம் இல்லாமலில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. விதிகள் 2017-இல் வந்தன. பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களை, தனியாருடையதானாலும், 5 வருஷத்துக்குள் இவர்களும் புழங்கும்படி செய்யவேண்டும் என்று கெடு. அது 2022-இல் முடிந்தது. சில மண்டபங்களில் சாய்தளம் என்ற பெயரில் ஒன்று முளைத்தது. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. மூன்று படி ஒன்றரை அடியானால் 18 அடி. இவர்கள் 4 அடியில் முடித்துவிடுகிறார்கள். "குழந்தைகள் சறுக்கி விளையாட உதவும்" என்கிறார் கணக்கு வாத்தியார்.

ஆனால் 2022 நவம்பரில் மெரீனாவில் மணல்மேல் மரப்பாதை ஒன்று போட்டார்கள். 263 மீட்டர். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தும், 70 வயது வரையில் அவர் கடலைச் சாலையிலிருந்து பார்த்ததோடு சரி. பாதையின் முனைக்குப் போனதும் மகனிடம், "நீ கொஞ்சம் தள்ளிப் போய் நில்லப்பா" என்றாராம். அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். கடலைப் பற்றி என்னிடம் அவர் ஒன்றும் வர்ணிக்கவில்லை. தனியாக இருந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அந்தப் பாதையைப் பெயர்த்துவிட்டது. பிறகு செப்பனிட்டார்கள்.

சென்ற தை மாதம் என் பேத்திக்குக் கலியாணம். அளவுநாடாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கினேன். ஒரு பெரிய மண்டபத்து மேனேஜர், "கவலைப்படாதீங்க சார், நம்ம பசங்க நாலு பேர் இருக்காங்க, அலாக்கா தூக்கிடுவாங்க" என்றார். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். கடைசியில் கிடைத்தது ஒரு சின்ன மண்டபம். வாசல் தெருவோடு தெருவாக இருந்தது. மின்விசிறிகள் கடகடவென்று சத்தம் போட்டன. என் மனைவிக்கு இன்றுவரை அந்த மண்டபத்தின்மேல் மனத்தாங்கல் உண்டு.

சிநேகிதர் தாமே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டார். தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கிற சமயம், காபித் தட்டோடு போன பையனைக் கைதட்டிக் கூப்பிட்டு, இரண்டாவது டம்ளரையும் வாங்கிக்கொண்டார்.