நிரலில் இல்லாத வகுத்தல்



போன வாரம் என் தம்பி மகன் வந்தான். "பெரியப்பா, கம்பைல் ஆகுது, ஆனா மாட்யூலை லோடு பண்ணா ஏற மாட்டேங்குது. திங்கட்கிழமை காலேஜ்ல காட்டணும்." மூன்று நாளாகத் தூக்கமில்லை, முகத்திலேயே தெரிந்தது. வீட்டில் கிடந்த 32 பிட் கணினி, அதில் பழைய லினக்ஸ். 'யுடிவ்டிஐ3' என்ற பெயர் தெரியாது என்று கெர்னல் கைவிரிக்கிறது. அது வகுத்தலுக்கான பெயர். இவன் நிரலிலோ வகுத்தலே இல்லை.

பார்த்தேன். நானோவினாடிகளை வினாடியாக்க ஒரு சுற்று: 100 கோடிக்குக் குறையும்வரை 100 கோடியைக் கழி, ஒவ்வொரு தடவையும் வினாடியில் ஒன்றைக் கூட்டு. அவ்வளவுதான்.

மூன்றாம் வகுப்பில் புளியங்கொட்டை வைத்துப் படித்தோமே, திரும்பத் திரும்பக் கழிப்பதுதான் வகுத்தல் என்று? கம்பைலருக்கும் அது தெரியும்! சுற்றைத் தூக்கிவிட்டு வகுத்தலைப் போட்டுவிட்டது. (படிகளைத் தாண்டி விடை எழுதுகிற பையன்களுக்கு நான் மதிப்பெண் குறைத்தது உங்களில் பலருக்கு இன்னும் கோபம்.) 32 பிட் செயலியில் 64 பிட் எண்ணை வகுக்க ஒரு துணைச் செயற்கூறு வேண்டும். சாதாரண நிரலுக்கு ஜிசிசியின் நூலகத்திலிருந்து அது தானாக வந்து சேரும். கெர்னல் அந்த நூலகத்தைச் சேர்ப்பதில்லை. வகுத்தல் அங்கே செலவான வேலை. வேண்டுமென்றால் 'டிவ்_யு64' என்று தெரிந்தே கேட்க வேண்டும்.

2008இல் ஜிசிசி 4.3 வந்தபோது கெர்னலின் சொந்த நேரக் கணக்கிலேயே இதே சிக்கல் வந்தது. அங்கே கழித்தலை யோசித்துத்தான் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் ஒரு தடவைகூடக் கழிக்க வேண்டியிராது, அதற்கு எதற்கு வகுத்தல்? அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. சுற்றுக்குள் ஒரு வெற்று அசெம்பிளி வரி. அதற்குள் ஒரு கட்டளையும் கிடையாது. ஆனால் 'இந்த எண் இங்கே மாறக்கூடும்' என்று கம்பைலரிடம் அது சொல்லிவிடும். அப்புறம் அதனால் முன்கூட்டிக் கணக்குப் போட முடியாது. ஒவ்வொன்றாகக் கழித்தே ஆக வேண்டும்.

"ஆப்டிமைசேஷனையே நிறுத்திடலாமே?" என்றான். கூடாது என்றேன். அது இல்லாமல் கட்டும்படி கெர்னல் எழுதப்படவே இல்லை.

அந்த வரியைப் போட்டான். மாட்யூல் சத்தமில்லாமல் ஏறியது. வரிக்கு மேலே காரணத்தைக் குறித்து வைக்கச் சொன்னேன்; இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து, வெற்று வரிதானே என்று அவனே அழித்துவிடுவான். எழுதினான், ஆங்கிலத்தில், இரண்டு எழுத்துப்பிழையோடு.