தம்பியின் லோரி

அம்மா பால்மரம் சீவிச் சேர்த்த பணத்தில் தம்பி வாங்கியது ஒரே ஒரு லோரி. மலாக்காவிலிருந்து ஜொகூருக்குச் சரக்கு ஏற்றுகிறான். சாலை வரி, காப்புறுதி, பிறர் சரக்கு ஏற்ற ‘ஏ’ பெர்மிட், 6 மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனை, எதுவும் தவறக்கூடாது. “பரிசோதனைன்னா ஒருநாள் கூலி போச்சே, அக்கா!” என்று அலுத்துக்கொள்வான். நானும் பரிதாபப்படுவேன்.

2024 டிசம்பர் 23 இரவு. ஆயர் குரோ அருகே நெடுஞ்சாலையில், லோரியிலிருந்து கழன்ற டயரில் மோதிய சுற்றுலாப் பேருந்து எதிர்த்தடத்தில் பாய்ந்தது. 7 உயிர்கள் போயின.

மறுநாள் விடியற்காலையில் தம்பி டயர் நட்டுகளை ஒவ்வொன்றாய் முடுக்கிக் கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவன் அலுத்துக்கொண்டதே இல்லை.

உங்கள் வீட்டிலும் லோரி ஓட்டுபவர் உண்டா? சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது கேளுங்கள்: “டயரைப் பார்த்தாச்சா?”