அட்ட கை மறந்த அடிசில்

அந்தோ, பார்பரா! பி. ஸ்மித் என்று அமெரிக்க நாடே அழைத்த விருந்தோம்பல் செல்வியே! 2020 பிப்ரவரி 22ஆம் நாள், லாங் ஐலண்ட் இல்லத்தில், எழுபது அகவையில் நின் உயிர் பிரிந்தது என்றனர். அதை உலகு அறியும். நின்னை விட்டு நீயே பிரியத் தொடங்கிய நாளை யார் அறிவார்? புரந்த வள்ளல் மாய்ந்தபின் உண்டவர் கையற்று நிற்பது தமிழ் மரபு. நீ வேற்று நாட்டாள்; ஆயினும் நின்னை நினைக்கையில் அம்மரபின் சொற்களே வாய்க்கு வருகின்றன.

பென்சில்வேனியா மண்ணில் உருக்காலைத் தொழிலாளிக்கு மகளாய்ப் பிறந்தாய். நின் தாய் பிறர் மனையில் பணிசெய்தும் பொருளீட்டினாள். 1976இல் மாட்மோசல் இதழின் அட்டையில் நின் முகம் ஒளிர்ந்தது. கறுப்பின மகளிரின் முகம் அத்தகைய அட்டைகளில் அரிதினும் அரிதாய் இருந்த காலம் அது. அவ்வழகு ஒன்றைக் கொண்டே வாழ்ந்திருக்கலாம். நீயோ அடுப்பின் பக்கம் திரும்பினாய். 1986இல் நியூயார்க்கின் நாடக அரங்குகளுக்கு அருகே நின் முதல் உணவகம் கதவு திறந்தது.

1994இல் வாஷிங்டன் யூனியன் ஸ்டேஷனில் நீ அமைத்த உணவகத்தை என்னென்பேன்! குடியரசுத் தலைவர்கள் வண்டிக்குக் காத்திருப்பதற்கென்று கட்டிய மண்டபம் அது. பொன்வேலை மின்னும் அக்கூரையின் கீழ் நீ பரிமாறியது எது? காலர்ட் கீரை. அடிமைப்பட்ட நின் முன்னோர் குடிசை ஓரத்தில் விளைவித்து, நெடுநேரம் வேகவைத்து, பசியாறிய அதே கீரை. அதன்மேல் கடுகு மணக்கும் குழம்பில் தோய்ந்த கடலுணவு. ஸ்வாம்ப் திங் என்று அதற்குப் பெயர். சதுப்பு நிலத்தின் பெயரைத் தாங்கிய உணவை வெண்பீங்கான் தட்டில் ஏந்தித் தலைநகரின் பெருமக்கள் முன் வைத்தாயே, அத்துணிவுக்காகவே நின்னை நெடுங்காலம் பாடலாம்.

நோய் வந்த வழியை எண்ணுந்தோறும் நெஞ்சு பதறுகிறது. 2013இல், நின் 64ஆம் அகவையளவில், அல்சைமர் என்றனர் மருத்துவர். 65க்கு முன் வருவதை முற்பட்ட அல்சைமர் என்பர். அமிலாய்டு என்னும் புரதம் மூளையில் படியத் தொடங்கி இருபது ஆண்டு சென்ற பின்பே மறதி வெளிப்படுவதும் உண்டு. அங்ஙனமாயின், யூனியன் ஸ்டேஷனில் நீ விளக்கேற்றிய காலத்திலேயே, உள்ளே ஒரு விளக்கு மங்கத் தொடங்கியிருக்குமோ? நின் இனத்து முதியோரை இந்நோய் வெள்ளையரினும் ஏறத்தாழ இருமடங்கு பற்றுகிறது. அந்த அநீதியும் நின் தலைமேல் விழுந்தது.

தொலைக்காட்சியில் சமையலை விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் சொல் நின்றது, திகைத்தாய். 2014 நவம்பரில் மன்ஹாட்டனில் நீ காணாமற்போனாய். கணவர் தேடினார், காவலர் தேடினர், நாடே தேடியது. ஆயிரமாயிரம் பேருக்கு இருக்கை காட்டியவள், வீடு திரும்பும் வழி தெரியாமல் அந்நெடுந்தெருக்களில் அலைந்தாய். மறுநாள் நின்னைக் கண்டெடுத்தது எங்கே? பிறர் நடத்தும் ஓர் எளிய உணவகத்தில்! ஐயகோ, எல்லாம் மறந்த பின்னும் நின் கால்கள் சோறு மணக்கும் வாயிலையே நாடின என்று நம்ப விழைகிறது என் நெஞ்சம். நோயை நீ மறைக்கவில்லை. கணவர் டான் காஸ்பியுடன் ஊரறியச் சொன்னாய். 2016இல் நூலாகவும் எழுதினாய். மறைத்து வைத்து மருகிய எத்தனையோ குடும்பங்களுக்கு அது பெருந்துணை.

நீ மறைந்த அதே பிப்ரவரியில் மற்றொருத்தியும் மாய்ந்தாள். மார்த்தா கிளேர் மாரிஸ், சிகாகோ ரஷ் பல்கலைக்கழகத்து ஊட்டச்சத்து ஆய்வாளர். 64 அகவையில் புற்றுநோய் கொண்டுபோயிற்று. எவ்வுணவு மூளையைக் காக்கும் என்று வாழ்நாளெல்லாம் அளந்தவள். 2015இல் மைண்ட் உணவு முறையை வகுத்து, கீரையைத் தலைமை இடத்தில் வைத்தாள். நாள்தோறும் கீரை உண்ட முதியோரின் நினைவாற்றல் 11 ஆண்டு இளையாரின் நினைவாற்றலை ஒத்தது என்று 2018இல் அவள் குழு எழுதியது. நீ பரிமாறியதை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் தொடங்கிய பெருஞ்சோதனையின் முடிவு 2023இல்தான் வந்தது. 604 பேர், மூன்று ஆண்டுகள். மைண்ட் உணவு உண்டவரும், வழக்கமான உணவைச் சற்றே குறைத்து உண்டவரும் அறிவாற்றலில் சிறிது மேம்பட்டனர். இரு திறத்தாருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கீரை காக்குமா, காவாதா? மூன்றாண்டு போதாதா, முப்பதாண்டு வேண்டுமா? கேட்போமெனின் அளந்தவள் இல்லை, அட்டவளும் இல்லை.