யாருக்கும் வேர்க்காத படம்

திருப்பரங்குன்றத்துக் கடைத்தெருவில் மாதம் தெரிய நாள்காட்டி வேண்டாம். பூக்கடைக் கொக்கிகளைப் பார்த்தால் போதும். ஆடி முழுக்க அவற்றில் சாமிக்குப் போடும் சின்ன மாலைகள்தான் தொங்கும். ஆவணி பிறந்து முதல் முகூர்த்தம் வந்துவிட்டால், கல்யாண ரோஜா மாலைகள் இடுப்பு வரை இறங்கி நடப்பவர் தோளை உரசும். முருகன் தெய்வானையை மணம் முடித்த தலம் இது. நல்ல முகூர்த்த நாளில் ஒரே தெருவில் ஏழெட்டு மாப்பிள்ளைகள் எதிரும் புதிருமாக வருவார்கள். எந்தக் கூட்டம் யாருடையது என்று அந்தந்த வீட்டுச் சித்தப்பாவுக்கே சந்தேகம் வந்துவிடும்.

நான் போனது ஆடியின் கடைசி வாரத்தில். திருநகர்ப் பக்கம், மாடியில் ஒரு ஸ்டூடியோ. நடத்துகிறவர் ஐம்பதைத் தாண்டியவர். தொழில் அப்பாவிடமிருந்து வந்தது. சீசன் தொடங்கப்போகிறதே, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சந்தோஷமாக இருக்கிறது என்பார், அதை வைத்து முதல் பத்தியை எழுதிவிடலாம் என்று ஒரு கணக்கு எனக்கு.

"வயித்தக் கலக்குது சார்" என்றார்.

முப்பது வருடமாகப் படம் எடுக்கிறவர். மேஜை மேல் செய்தித்தாள் விரித்து லென்ஸ்களை வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்து, கைபேசி டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பூஞ்சை தேடுகிறார். கண்ணாடியின் உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் ஓடியிருந்தால் அந்த லென்ஸ் பழுதுபார்க்கப் போக வேண்டும். வேலை இருக்கும் மாதங்களில் லென்ஸ் வெளிச்சமும் காற்றும் பட்டுக்கொண்டே இருப்பதால் பூஞ்சைக்கு நேரம் கிடைப்பதில்லை. பைக்குள் சும்மா கிடக்கும்போதுதான் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது பழைய வழக்கம். இப்போது ஈரப்பதத்தை 40, 50 சதவீதத்தில் நிறுத்தும் அலமாரி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். "வீட்டுல மனுசனுக்கு ஏசி கிடையாது. இதுக்கு இருக்கு" என்றார்.

ஃப்ளாஷுக்குப் போடும் செல்களில் நாலு நாலாக ஒட்டுத்தாள் சுற்றி எண் எழுதியிருந்தது. ஒன்றாகச் சார்ஜ் ஏறியவை ஒன்றாகவே இறங்க வேண்டும். கலந்து போட்டால் பலவீனமான ஒன்று மற்ற மூன்றையும் இழுத்துவிடும். பிறகு மூன்று கேமராக்களையும் எடுத்து வைத்து, நேரத்தை ஒரே நொடிக்குத் திருப்பினார். ஏன் இத்தனை கவனம் என்று எனக்குப் புரியவில்லை. மூன்று பேர் எடுத்த படங்களையும் கணினியில் கொட்டி நேர வரிசையில் அடுக்கும்போது, ஒரு கேமரா நாலு நிமிடம் பிந்தியிருந்தால் தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை மணவறைக்கு நடந்து வருவாராம்.

அவர் வலது கைக் கட்டைவிரலை அப்போதுதான் கவனித்தேன். சோதனைக்கு ஒரு படம் எடுப்பார். உடனே விரல் கேமராவின் முதுகில் வலப்பக்கமாக ஒரு தள்ளு தள்ளும். அங்கே தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. ஃபிலிம் கேமராவில் அடுத்த படத்துக்குச் சுருளை நகர்த்தும் லிவர் இருந்த இடம் அது.

கேட்டேன். சிரித்துவிட்டுச் சொன்னார்.

அப்பா காலத்தில் யாஷிகா மேட். இரட்டைக் கண் கேமரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில் செய்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள் மூன்றை வைத்து அப்பா ஒரு கல்யாணத்தையே முடித்துவிடுவார். மகன் தொழிலுக்கு வந்தபோது கலர் வந்துவிட்டது. கையில் பென்டாக்ஸ் கே1000, சுருளுக்கு 36 படம். தொண்ணூறுகளில் ஓர் ஆவணி. ஒரு மாதம் கேமராவைத் தொடாமல் இருந்துவிட்டு எடுத்த முதல் கல்யாணம். முகூர்த்தத்துக்குச் சற்று முன் அவசரமாகச் சுருள் மாற்றினார். தாலி, மெட்டி, அக்னி வலம், தாய்மாமன் சீர் எல்லாம் எடுத்தாயிற்று. 36ஐத் தாண்டியும் லிவர் தடையில்லாமல் நகர்ந்தபோதுதான் முதுகுத்தண்டு சில்லிட்டது. ஃபிலிம் நுனி பற்களில் மாட்டவே இல்லை. எண் மட்டும் ஓடியிருக்கிறது, சுருள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. சரியாக மாட்டியிருந்தால் லிவரைத் தள்ளும்போதெல்லாம் இடப்பக்கக் குமிழ் சுற்றும். அதைப் பார்க்கவில்லை.

"பொண்ணோட அப்பா கால்ல விழுந்தேன். அந்தாளு அடிச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். அடிக்கல."

மூன்றாம் நாள் அந்த ஜோடியை மறுபடி அதே பட்டில் அலங்கரித்து, மண்டபக்காரர் காலில் விழுந்து அதே மணவறையில் உட்கார வைத்தார்கள். கட்டிய தாலியைக் கழற்ற யார் சம்மதிப்பார்கள்? அது கழுத்திலேயே இருக்க, மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பெண்ணின் பின்கழுத்துக்குக் கொண்டுபோய், முடிச்சுப் போடுவது மாதிரி எடுத்தார்கள். படம் அருமையாக வந்தது. ஒளி சீராக, கூட்டம் மறைக்காமல், நாத்தனார் அளவாக ஒதுங்கி நின்று. அந்த வீட்டுக் கூடத்தில் இன்றும் மாட்டியிருக்கிறதாம்.

"நல்ல படம்தான். ஆனா பாத்தீங்கன்னா, அதுல யாருக்கும் வேர்க்கல."

இதைச் சொல்லிவிட்டு அடுத்த லென்ஸை எடுத்துக்கொண்டார். நான்தான் அந்த வாக்கியத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

அவரோடு வேலை செய்யும் பெண் நாலு மணிக்கு வந்தாள். விஸ்காம் படித்தவள், கேண்டிட் எடுக்கிறாள். அவளுக்கு ஃபிலிம் பயம் கிடையாது. இரண்டு கார்டு போடும் கேமரா, ஒரே படம் இரண்டிலும் பதிகிறது. அவளுடைய கவலை வேறு. "எல்லாப் பொண்ணும் ஃபோன்ல அதே அஞ்சு வீடியோவக் காட்டி இதே மாதிரி வேணும்ங்கிறாங்கண்ணே. சீசன் முடியறப்ப எனக்கே எது யாரு கல்யாணம்னு தெரியாது" என்று அவரிடம்தான் சொன்னாள், எனக்காக. ஆனால் ஒன்று: பெண்ணை அலங்கரிக்கும் அறைக்குள் அவளால் போக முடிகிறது. இத்தனை வருடமும் இவர் கதவுக்கு வெளியே நின்று, பூ வைத்து முடித்துத் தயாரான பெண்ணைத்தான் எடுத்திருக்கிறார். உள்ளே அத்தைமார் போடும் சண்டை, பெண் சாப்பிடாமல் வைத்த இட்லி, அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைப்பது எல்லாம் இவள் வந்த பிறகுதான் ஆல்பத்துக்குள் வந்தன. ரிசப்ஷன் முடிந்து நள்ளிரவில் வண்டியில் வீடு போய், நாலு மணிக்குத் திரும்பி வருவதைப் பற்றிக் கேட்டேன். "அது பழகிருச்சு சார். நாய்ங்கதான் பழகல."

ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள். 1839இல் டாகெரோடைப் முறையை பிரெஞ்சு அரசு உலகுக்குப் பொதுவாக அறிவித்த நாள். ஆவணி பிறந்த இரண்டொரு நாளில் வந்துவிடும். அன்று என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முகூர்த்தம் இருந்தால் நினைவே இருக்காதாம். இல்லாவிட்டால் பாக்கி வசூல். அலமாரியில் பிளாஸ்டிக் உறையோடு பதினோரு ஆல்பங்கள் நிற்கின்றன, மீதிப் பணம் கட்டி வாங்க ஆள் வராமல். அதில் ஒரு ஜோடி பிரிந்தே போயிற்று.

முதல் முகூர்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள், பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். நான் போனபோது ஐந்தரை மணி, அவர் ஏற்கெனவே மணவறையைச் சுற்றி அலைந்துகொண்டிருந்தார். படம் எடுக்கவில்லை, விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் வெள்ளை எல்.இ.டி., மேலே மஞ்சள் விளக்கு, பின்னால் ஊதா. எல்.இ.டி.களில் பல கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; நொடிக்கு நூறு சிமிட்டல். ஷட்டரை நூறில் ஒரு நொடிக்கு வைத்தால் தப்பிக்கலாம். வேகம் கூட்டினால் படத்தின் குறுக்கே பட்டை விழும். ஆனால் அந்த மெதுவில் அட்சதை அரிசி கோடாக இழுபடும். எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். அரிசியை விட்டார். அரக்குப் பட்டுக்காக வெளிச்சத்தை அரைப் படி குறைத்துக்கொண்டார். இல்லாவிட்டால் சிவப்பு நிரம்பி வழிந்து, மடிப்பே தெரியாமல் ஒரே பூச்சாகிவிடும்.

மாப்பிள்ளை மணவறைக்கு வந்ததும் குனிந்து காதில் சொன்னார்: "தம்பி, தாலிய ரெண்டு கையாலயும் தூக்கி, எல்லாருக்கும் காட்டி, ஒரு மூச்சு விட்டுட்டுக் கட்டுங்க." தாலி கட்டும் படம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் அந்த ஒரு மூச்சுதான். அதன் பிறகு கைகள் பின்கழுத்தில், மாலைக்கும் சடைக்கும் அடியில் மறைந்துவிடும். இரண்டாம் மூன்றாம் முடிச்சுக்கு நாத்தனார் விளக்கோடு உள்ளே சாய்வார். எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து நொடி.

பெண் மணவறைக்கு வர பத்தேகால் ஆயிற்று. ஐயர் கையை உயர்த்தினார். கெட்டிமேளம். அதுவரை நாற்காலியில் இருந்த கூட்டம் முழுவதும் கைபேசியை உயர்த்திக்கொண்டு எழுந்தது. ஹோமப் புகை லென்ஸுக்கும் பெண்ணுக்கும் நடுவில் புகுந்தது. புகையில் ஃப்ளாஷ் அடித்தால் வெள்ளைச் சுவர்தான் வரும். அவர் மண்டியிட்டு மணவறையின் இடப்பக்க மூலைக்கு நகர்ந்து, புகைக்குக் கீழே போனார். ஒரு மாமா அவர் முதுகில் முழங்கையை ஊன்றி வீடியோ எடுத்தார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கட்டைவிரல் மட்டும் தெரிந்தது, ஒவ்வொரு படத்துக்கும் இல்லாத லிவரைத் தள்ளிக்கொண்டு.

கடைசிப் பந்தியில் உட்கார்ந்தோம். இலையில் சோறு விழுவதற்குள் அந்தப் பெண் கேமராவின் திரையை அவர் பக்கம் திருப்பினாள். மாப்பிள்ளை கையில் தாலி; மணப்பெண் அதைப் பார்க்காமல் எதிரே எங்கோ பார்க்கிறாள்; மேலுதட்டில், கண்மையின் ஓரத்தில், கழுத்துச் சரத்துக்குக் கீழே முத்து முத்தாக வேர்வை. அவர் பெரிதாக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு காத்து நின்றார்.

"இந்த வேர்வையில கை வைக்காத" என்றார்.

"பொண்ணு வீட்டுல எடுக்கச் சொல்லிக் கேப்பாங்கண்ணே."

"கேட்டா எடுத்துக் குடுத்துரு" என்று சோற்றில் குழி பறித்தார். "நமக்கு ஒண்ணு தனியா வச்சுக்க."