கூட வெட்டிய துணி

மன்னார்குடியிலிருந்து ராத்திரி கிளம்பும் செம்மொழி எக்ஸ்பிரஸ், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேரைத் திருப்பூரில் இறக்கிவிட்டிருக்கிறது. தீபாவளிக்குத் திரும்பும்போது வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் பனியனும் டீ-ஷர்ட்டும் கொண்டுவருவார்கள். அவை பெரும்பாலும் காதர்பேட்டையில் வாங்கியவை. அந்த இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நானும் அதே வண்டியில் ஏறினேன்.

ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். கடைகள் திறந்ததும் தெரு முழுக்கத் துணி. வாசலில், படிக்கட்டில், தரையில் விரித்த தார்ப்பாயில் குவியல் குவியலாக. ஒரு பக்கம் மலையாளத்தில் பேரம், இன்னொரு பக்கம் இந்தியில். மூட்டை கட்டும் ஆட்கள் முழங்காலால் அழுத்திக் கயிறு இழுக்கிறார்கள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்க, ஒரு கடையில் உள்ளே கம்பளி போல் மயிர்விட்ட குளிர்காலச் சட்டைகள் தொங்குகின்றன. தலைமூடி வைத்தவை, பனி கொட்டும் தேசத்துப் பிள்ளைகளுக்காகத் தைத்தவை. ஒரு குழந்தைச் சட்டையின் லேபிளைப் புரட்டினேன். துவைக்கும் முறை ஏழெட்டு மொழிகளில் இருந்தது. அளவு 104. அது வயதல்ல, பிள்ளையின் உயரம் சென்டிமீட்டரில். முகம் தெரியாத ஒரு குழந்தையின் உயரத்தை மனதில் வைத்து இந்த ஊரில் யாரோ துணி வெட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

அந்தக் கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஒரு டீ-ஷர்ட்டை எடுத்து உள்பக்கம் வெளியே திருப்பினார். தோள் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஊசி ஓட்டை இருக்கிறதா என்று கண்ணை ஓட்டினார். கீழ்மடிப்பைச் சேர்த்துப் பிடித்து, பக்கத் தையல் முன்பக்கமாக முறுக்கிக்கொண்டு வருகிறதா என்றும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"குறையே இல்லையே அண்ணா, அப்புறம் ஏன் இது இங்கே வந்தது?" என்று கேட்டேன்.

"ஏனுங்க தம்பி, பத்தாயிரம் பீஸ் ஆர்டர்னா பத்தாயிரத்தையேவா வெட்டுவாங்க? மூணு பர்சென்ட்டோ அஞ்சு பர்சென்ட்டோ கூடத்தான் வெட்டுவாங்க. நிட்டிங்ல ஓட்டை விழும், பிரிண்டிங்ல கறை படும், ஓவர்லாக்ல துணி வெட்டுப்படும். செக்கிங்ல அதெல்லாம் கழிச்சாலும் கணக்கு குறையக்கூடாதில்லீங்க. அதுக்குமேல மிஞ்சுனது நல்ல பீஸாவே இங்க வந்துரும்."

காதர்பேட்டைக்கு வருவதெல்லாம் கழித்துப்போட்ட துணி என்றே கேள்விப்பட்டிருந்தேன். டேமேஜும் வருகிறது, ரத்தான ஆர்டரும் வருகிறது. ஆனால் என் கையில் இருந்தது வேறு வகை. யாரோ ஒருவர் கை தவறினாலும் ஆர்டர் நிற்கக்கூடாது என்று முன்கூட்டியே வெட்டிவைத்த துணி. தவறு நடக்கும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கும் சேர்த்து வேலையைத் தொடங்குகிற பழக்கத்தின் மிச்சமாக ஒரு சந்தையே வளர்ந்திருக்கிறது.

அம்மா உலை வைப்பது நினைவுக்கு வந்தது. வீட்டு ஆட்களுக்கு அளந்து போட்ட பிறகு ஒரு பிடி அரிசி கூடப் போடுவாள். யாராவது வந்தால் அவர்களுக்கு. யாரும் வராவிட்டால் மறுநாள் பழையசோறு. அறுவடை சரியில்லாத வருஷங்களிலும் அந்தப் பிடியை அவள் நிறுத்தவில்லை.

சந்துகளில் நடந்தபோது உள்ளே ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்களின் சத்தம் விடாமல் கேட்டது. அந்தச் சத்தம் நின்ற காலமும் உண்டு. 1984-ல் இந்த ஊர்ப் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரிசி விலை ஏறும், அதற்கும் சேர்த்துச் சம்பளம் வேண்டும் என்பதே அதன் சாரம். துணிக்கு ஒதுக்கிய கூடுதல் மனிதருக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அதில் எனக்கு முழு நியாயம் தெரிகிறது.

மத்தியானம் நொய்யல் பாலத்துக்குப் போனேன். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் இந்த ஆறு கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரிதான் எங்கள் வயலுக்கும் வருகிறது. இந்த ஆற்றுக்கு மட்டும் யாரும் எதையும் மிச்சம் வைக்கவில்லை. எவ்வளவு சாயத்தைத்தான் அது தாங்கும் என்று கணக்குப் பார்க்காமல் விட்டார்கள். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப்போனது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு அதற்குப் பிறகே இங்கே நடைமுறையில் நிலைபெற்றது. ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டிய செலவு அது. தள்ளிப்போட்டதன் விலையைக் கரையோர விவசாயி கொடுத்தார்.

சாயங்காலம் துணி வாங்கத் திரும்பவும் அதே கடைக்குப் போனேன். மனதில் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. "குறைந்தால் அப்போது வெட்டிக்கொள்ளலாமே அண்ணா, முதலிலேயே ஏன் கூட வெட்ட வேண்டும்?"

அவர் இரண்டு கருநீல டீ-ஷர்ட்டுகளை அருகருகே வைத்தார். ஒன்று லேசாக வெளுத்திருந்தது. "ரெண்டும் ஒரே கலர்தானுங்க. சாயம் போட்ட லாட் வேற. அப்புறமா வெட்டுனா ஷேடு சேராதுங்க."

எனக்கு வேண்டிய பாடம் அந்த இரண்டு நீலத்தில் இருந்தது. பொறுமையோ சேமிப்போ, பிள்ளைகள் தவறு செய்ய நாம் விட்டுவைக்கும் இடமோ, எல்லாமே முன்பே வெட்டிவைக்க வேண்டியவை. கோபம் வந்தபின் தேடிப்பிடிக்கும் பொறுமை உறவோடு ஒட்டாது; தவறு நடந்தபின் அவசரமாகத் தரும் மன்னிப்பின் சாயம் தனியே தெரியும். வீட்டில் என் மகன் கல்லூரிப் படிப்பைத் தொடங்கப்போகிறான். அவன் ஒரு பாடத்தில் தோற்கலாம், ஒரு வருஷத்தை வீணாக்கலாம் என்பதையும் சேர்த்தே என் அன்பை இப்போதே அளந்து வைக்கப்போகிறேன். அவன் ஒருமுறைகூடத் தவறாவிட்டால், மிஞ்சியது அவனைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஆகும்.