நன்னியின் ஏடும் பூட்ஸ்ட்ராப்பும்



அரபுத்தமிழ் என்றவுடன் கீழக்கரையும் காயல்பட்டினமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களைப் போன்ற பெருமக்கள் வாழ்ந்து எழுதிய கடற்கரை அது. ஆனால் அச்சேறாத அரபுத்தமிழ், உள்நாட்டு ஊர்களின் மரப்பெட்டிகளிலும் கிடக்கிறது. எங்கள் திருமயத்துக்குக் கோட்டையைப் பார்க்க வருவோர் பலர். சேதுபதி மன்னர் 1687-இல் எழுப்பிய அந்தக் கோட்டையைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வீட்டுப் பெட்டிகளில் இருப்பதைப் பாதுகாக்க வீட்டாரைத் தவிர வேறு யாருமில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது நன்னியின் ஏடு. அறுபத்து நான்கு பக்கங்கள் கொண்ட பழைய கணக்கு நோட்டு. வேளைதோறும் ஓதும் துஆக்கள், பிள்ளைகள் பிறந்த ஹிஜ்ரி தேதிகள், மாந்தத்துக்கும் சளிக்கும் கைம்மருந்து, நன்னா மலாயாவுக்குச் சபுர் போயிருந்த காலத்துக் கொடுக்கல் வாங்கல் என எல்லாம் அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக, ஆனால் நம் தமிழில் எழுதப்பட்டிருக்கின்றன. குர்ஆன் ஓதத் தெரிந்த எங்களுக்கு அதை வாசிப்பது எளிதாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ட, ண, ள போன்ற அரபியில் இல்லாத ஒலிகளுக்காகப் புள்ளி கூட்டியும் குறி சேர்த்தும் ஆக்கிய எழுத்துகள் ஒவ்வொரு வரியிலும் நம்மை நிறுத்திவிடுகின்றன. தடையின்றி வாசிப்பவர் நன்னி ஒருவரே. அவருக்கு வயது எண்பத்தாறு. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மற்றது மங்கல்.

ஏட்டை இணையப் பக்கமாக்கினால் கோலாலம்பூரிலும் தம்மாமிலும் இருக்கும் பிள்ளைகளும் படிப்பார்கள் என்று நாங்கள் கருதினோம். நாங்கள் என்பது கணவன் மனைவியாகிய நாங்கள் இருவரும், கல்லூரி முடித்து வீட்டிலிருக்கும் எங்கள் மகளும். மகளுக்குப் பாடமாகப் படித்த ஹெச்டிஎம்எல் கொஞ்சம் நினைவிருந்தது. எங்கள் இருவருக்கும் அதுவும் இல்லை. இஷாவுக்குப் பின் மூவரும் அமர்ந்து தொடங்கியது பூட்ஸ்ட்ராப் என்னும் கட்டற்ற மென்பொருளில்.

ட்விட்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மார்க் ஓட்டோ, ஜேக்கப் தோர்ன்டன் என்னும் இருவர் தம் அலுவலகத் தேவைக்காக ஆக்கி, 2011 ஆகஸ்டில் எல்லாருக்கும் திறந்துவிட்டது இது. எம்ஐடி உரிமத்தின்படி யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். உரிமக் குறிப்பை மட்டும் நீக்கக் கூடாது. தொடங்குவதற்கு வேண்டியவை மிகக் குறைவு. ஒரு வெற்று ஹெச்டிஎம்எல் கோப்பு. கைப்பேசித் திரையின் அகலத்தை மதிக்கச் சொல்லும் ஒரு வரி. பூட்ஸ்ட்ராப்பின் சிஎஸ்எஸ் கோப்பை இணைக்கும் இன்னொரு வரி. அதன்பின் ஒவ்வொரு பகுதிக்கும் அது வகுத்துவைத்த வகுப்புப் பெயரை இட்டால் போதும். பக்கத்தின் அகலத்தை அது பன்னிரண்டு பத்திகளாகப் பிரித்துக்கொள்கிறது. தமிழுக்கு ஆறு, அரபுத்தமிழுக்கு ஆறு என்று பங்கிட்டோம். திரை 768 பிக்செல் அகலத்துக்குக் குறைந்தால் இரண்டும் அருகருகே நில்லாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவிடும். சபுராளிகள் எல்லாவற்றையும் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள் என்பதால் இது எங்களுக்குப் பெரிய உதவி. ஒரே ஒரு பக்கத்துக்கு இவ்வளவு பெரிய கருவி எதற்கு என்று தேர்ந்த நிரலாளர் கேட்கலாம். கேள்வி சரியே. ஆயினும் முதல் மாலையிலேயே கண்ணுக்கு ஒழுங்கான ஒரு பக்கம் கிடைத்துவிடுவது, புதிதாகத் தொடங்குவோரை எழுந்து போகவிடாமல் வைத்திருக்கிறது.

எங்களுக்குப் பிடித்தது வேறொன்று. 2021 மே மாதம் வந்த ஐந்தாம் பதிப்பில், வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். அதற்காக இடது, வலது என்றிருந்த வகுப்புப் பெயர்களையே தொடக்கம், முடிவு என்று மாற்றினார்கள். தமிழுக்குத் தொடக்கம் இடப்பக்கம். நன்னியின் ஏட்டுக்குத் தொடக்கம் வலப்பக்கம். இதை மகள் விளக்கியபோது நன்னி, “அது சரிதானே, இதுல என்ன புதுசு?” என்றார்.

எங்கள் பக்கம் முழுவதும் அரபு எழுத்து அன்று. ஆகவே வலமிருந்து இடமாகச் செல்வதற்கென்று தனியாகத் தரும் கோப்பு எங்களுக்குத் தேவைப்படவில்லை. அரபுத்தமிழ்ப் பகுதிக்கு மட்டும் திசையைக் குறிக்கும் பண்பை இட்டோம். அது இல்லாவிடில் முற்றுப்புள்ளி வரியின் தவறான முனைக்குப் போய் நிற்கும். வரி இடைவெளி இயல்பாக 1.5 மடங்கு, ஸபரும் ஸேரும் பேஷும் நிறைந்த எழுத்து அதில் நெருக்குண்டது. 2.2 மடங்காக்கியபின் நன்னி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு வரியைத் தாமே வாசித்தார். விசைப்பலகையில் இல்லாத எழுத்துகளை மகள் யூனிகோடு அட்டவணையில் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். சில எழுத்துருக்களில் அவை வெறுங்கட்டமாகத் தெரிந்தன. எஸ்ஐஎல் நிறுவனம் இலவசமாக வழங்கும் ஷெஹரசாத் என்னும் எழுத்துரு எங்களுக்குக் கைகொடுத்தது.

கோலாலம்பூர் மாமுவுக்கு இதில் உடன்பாடில்லை. “படிக்க ஆளில்லாத எழுத்தை எதுக்கும்மா போடுறீங்க? தமிழை மட்டும் போட்டா போதாதா?” என்று மகளிடம் கேட்டார். பொருள் விளங்கினால் போதும் என்போருக்கு அது போதும்தான். ஆனால் தமிழில் பெயர்த்தெழுதும்போது ‘ழ’வா ‘ள’வா என்று நாங்கள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது, பின்னால் வரும் ஒருவர் எங்களைச் சரிபார்க்க மூலம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

இருபத்தோராம் பக்கத்தை நன்னி வாசித்த அன்று வேலை நின்றது. நன்னா ஈப்போவில் கடையில் இருந்தபோது வாங்கிய கடன்களின் பட்டியல் அது. மூன்று வரிகளின் மேல் கோடு இழுத்து, தீர்ந்தது என்று எழுதியிருக்கிறது. நான்காம் வரியில், ஒரு கூட்டாளியிடம் வாங்கிய 120 வெள்ளிக்கு மேல், கோடு இல்லை. ஜனாஸா எடுக்குமுன் மய்யித்துக்குக் கடன் உண்டா என்று கேட்டுப் பொறுப்பேற்பது நம் வழக்கம். நன்னாவின் ஜனாஸாவின்போதும் கேட்டிருப்பார்கள். ஏட்டைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பக்கத்தை இணையத்தில் இடுவதா? பூட்ஸ்ட்ராப்பில் ஒரு பகுதியைக் கண்ணில் படாமல் மறைக்கும் வகுப்பு உண்டு. அது திரையில்தான் மறைக்கும், பக்கத்தின் மூல நிரலைத் திறப்பவர் எவரும் வாசிக்கலாம் என்று மகள் சொன்னாள். நாங்கள் பக்கத்தை வைத்திருப்பது கிட்ஹப்பின் இலவச இடத்தில். அங்கே கோப்புகள் யாவும் எல்லாருக்கும் திறந்தவை. பிறர் பெயர்கள் அடங்கிய கடன் கணக்கை அங்கே வைக்க மனம் ஒப்பவில்லை. இருபத்தோராம் பக்கத்தைச் சேர்க்கவே இல்லை. தாளில் மட்டும் பெயர்த்தெழுதி மாமுவுக்கு அனுப்பினோம்.

எழுத்து எதற்கு என்று கேட்ட அதே மாமு இப்போது வாரந்தோறும் ஈப்போவில் விசாரிக்கிறார். கூட்டாளியின் பெயரின் இறுதியில் மை படிந்திருக்கிறது. யூசுப் என்றும் வாசிக்கலாம், யூனுஸ் என்றும் வாசிக்கலாம். யூனுஸ்தான் என்கிறார் நன்னி. ஆனால் அவர் அந்த மனிதரை நேரில் பார்த்ததில்லை. ஊர் அறந்தாங்கிப் பக்கம் என்று நன்னா சொன்னதாக அவருக்கு நினைவு. அந்தப் பக்கத்திலிருந்து ஈப்போவுக்குச் சபுர் போன பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், இந்த இரண்டு பெயர்களில் ஒன்று உங்களுக்குத் தெரிகிறதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.